மஹாலட்சுமியோட நாப்பது செகண்டு

பிள்ளையார்பாளையத்துல மஹாலட்சுமி வயோலா பெட்டியத் தோள்ல மாட்டிக்கினு பஸ்ஸுக்குப் போனா, "என்னாமா, கச்சேரியா?"ன்னு யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க. "இல்லண்ணா, சினிமாவுக்கு"ம்பா. சென்னையில நாப்பது பேர் உக்காந்து வாசிக்கிற கூட்டத்துல கடைசி வரிசை அவளுக்கு. பாட்டு டிவில வந்தா வீடே காதைத் தீட்டிக்கினு கேக்கும். இதுல அவ சத்தம் எதுன்னு அவளுக்கே தெரியாது. வயசு முப்பத்திரண்டு, பத்து வருஷமா இதே பொழப்பு.

வயோலான்னா வயலினோட அக்கான்னு வெச்சுக்கோங்க. கொஞ்சம் பெருசு, குரலும் கனம். ஸ்கூல்ல வெஸ்டர்ன் மியூசிக் கிளாஸ் ஆரம்பிச்ச அன்னிக்கு எல்லாரும் வயலினை அள்ளிக்கினாங்க, மிச்சம் கிடந்தது இது ஒண்ணுதான். மஹா எடுத்தா. அப்புறம் விடவே இல்ல.

சினிமாவுக்குப் போறதுக்கு முன்னாடி காலையில அவளுக்கு இன்னொரு வேலை இருக்குது. அண்ணன் குமாரவேல் தறியில உக்காந்தா அவனுக்கு வலது பக்கம் இவ. கோர்வைப் புடவையில உடல் ஒரு கலரு, கரை ஒரு கலரு. ரெண்டும் சேர்ற எடத்துல நூலும் நூலும் கை கோத்துக்கணும், அதனால ஒரு ஆளால முடியாது. அண்ணன் உடலுக்கு நூல் சுத்தின நாடாவ ஓட்டுவான், இவ கரைக்கு ஓட்டுவா, ஓட்டினதும் "ம்"ம்பா. என் நூல் வந்துடுச்சு, நீ பலகைய இழுத்து நூலை நெருக்கி அடின்னு அர்த்தம். அந்த "ம்" காதுல விழாம குமாரவேல் அடிக்க மாட்டான். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை சொல்லுவா. சொல்றோம்னே அவளுக்குத் தெரியாது, மூச்சு விடுறாப்ல அது.

இளங்கோவன் சார் பெரிய பட்டுக்கடை வீட்டுப் பிள்ளை. ஜெர்மனியில பியானோ படிச்சு, அங்கேயே இருந்து, அம்பது வயசுல ஊருக்கு வந்தவரு. செவிலிமேட்டுல வீடு கட்டி, மாடியில சத்தம் வெளிய போவாத ரூம் போட்டு, கிரேன் வெச்சு பியானோவ ஏத்தினாரு. அவருக்கு ஒரு ரெக்கார்டு போடணும். நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மன்காரர் ஒருத்தர் எழுதின பீஸு. பியானோ, வயலின், வயோலா, செல்லோ, நாலே பேர். ஒருத்தர் சறுக்கினாலும் ஊருக்கே கேக்கும். வயலினுக்கு சென்னையில இருந்து திரிஷா, செல்லோவுக்கு சர்ச்சுல வாசிக்கிற கிறிஸ்டோபர் அண்ணன், வயோலாவுக்கு மஹா.

அதுல மூணாவது பாகம் மெதுவாப் போறது. நடுவுல எட்டு பார் வயோலா மட்டும் பாடும், மத்த மூணு பேரும் அடியில தாங்கிக்கினு இருப்பாங்க. எட்டு பாருன்னா ஒரு நாப்பது செகண்டு. பத்து வருஷத்துல மொத தடவையா மஹாவோட குரல் தனியா, பேரோட, ஒரு ரெக்கார்டுல! அந்த நாப்பது செகண்டுக்காக ரெண்டு மாசம் சோறு தண்ணி மறந்து கிடந்தா.

பழைய ரெக்கார்டு ஏழெட்டு போன்ல தேடித் தேடிக் கேட்டா. எல்லாருமே அந்த எடத்துல வயோலா வில்லை அழுத்தி, தந்தி மேல விரலை நடுக்கி, ஓன்னு அழுவுறாங்க. அவளுக்கு ஒத்துக்கல. ரிகர்சல்ல தைரியமாச் சொல்லிட்டா. "சார், இது அழுவுற எடம் இல்ல சார். அழுது முடிச்சு, மூஞ்சி கழுவிக்கினு வந்து, 'சாப்டியா'ன்னு கேக்குற எடம்."

சார் பியானோவுல இருந்து கையை எடுத்துட்டு அவ பக்கம் திரும்பினாரு. "எங்க, வாசி."

வாசிச்சா. நடுக்கமே இல்லாம, நேரா, சொல்றாப்ல. கிறிஸ்டோபர் அண்ணன் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு.

இன்னொண்ணும் இருந்துச்சு. சார் ஒரு சுரத்தை எப்ப விடுவாருன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் வேற எடத்துல இழுப்பாரு. அந்த சங்கீதத்துக்கே உசுரு அதுலதான் இருக்குது. திரிஷா தடுமாறுவா, கிறிஸ்டோபர் அண்ணனும் தடுமாறுவாரு. மஹா மட்டும் அவரு விரல் எறங்குற அதே நொடியில எறங்குவா, நூல் சேந்தாப்ல.

ரெக்கார்டிங் மொத நாள், மைக் பாத்துக்குற தினேஷ் ஹெட்போனைக் கழட்டினான். "சார், என்னாவோ சத்தம் வருது."

"எங்க?"

"வயோலா மைக்ல."

மத்த மைக் எல்லாத்தையும் அணைச்சுட்டு அதை மட்டும் ஸ்பீக்கர்ல போட்டான். வயோலா வர்றதுக்கு முன்னாடி "ம்". அடுத்த வரிக்கு முன்னாடி "ம்". அந்த எட்டு பாருக்குள்ள மட்டும் ஆறு "ம்". திரிஷா வாயைப் பொத்திக்கினு சிரிச்சா.

"அக்கா, யாருக்கா உள்ள உக்காந்து கதை கேக்குறது?"

மஹாவுக்கு மூஞ்சியே செத்துப் போச்சு. "நான்... நான் சொல்லலையே சார்."

"அப்ப பியானோ சொல்லுச்சா?"ன்னாரு சார். "தினேஷ், இன்னொரு வாட்டி போடு. நல்லாக் கேக்கட்டும்."

மூணு வாட்டி போட்டாங்க. அந்த "ம்" மட்டும் எடுத்துடலாம்னு தினேஷ் பாத்தான், வயோலாவும் சேந்து போவுது.

ரெண்டாவது நாள் சார் ஒரு பேனாவ நீட்டினாரு. "பல்லுல கடிச்சுக்கோ மா." கடிச்சா. வாய் மூடிக்கிச்சு, கையும் கூடவே மூடிக்கிச்சு. ஒவ்வொரு எடத்துலயும் ஒரு முடி அளவு லேட்டு. பத்தொம்பது தடவை எடுத்தாங்க. எச்சில் ஒழுகி வயோலா மேல சொட்டுது, தொடைக்கக் கை ஒழியல.

சார் கத்தவே இல்ல. சிரிச்சுக்கினேதான் சொன்னாரு. "உன்னைச் சொல்லிக் குத்தமில்ல மா. தறி எடத்துல இருந்து ஆளைக் கூட்டினு வந்தது என் தப்பு. எங்க கடைக்கு நெய்யிற வீடுதானே நீங்க? புடவை மட்டும் வாங்கிக்கினு விட்டிருக்கணும்."

"சார், நாளைக்கு சரியாப் பண்ணிடுறேன் சார்."

"பாக்கலாம்."

அன்னிக்கு வீட்டுக்குப் போயி கண்ணாடி முன்னாடி நின்னு, வாயில துணிய அடைச்சுக்கினு வாசிச்சா. ஒதட்டுல ரத்தம் வர்ற வரைக்கும் வாசிச்சா. கடைசி நாலு தடவை சரியா வந்துடுச்சு!

மூணாவது நாள் டவுன் பஸ்ல எறங்கி, மாடியேறி, கதவைத் தொறந்தா அவ சேர்ல வேற ஆள். மும்பையில இருந்து காலை பிளைட்ல வந்த ரோஹன். யாரும் அவளுக்கு ஒரு போன் போடல. திரிஷா போனை நோண்டிக்கினு இருந்தா. கிறிஸ்டோபர் அண்ணன் ஏற்கெனவே சுதி சேத்த தந்தியத் திரும்பத் திரும்ப சுதி சேத்தாரு.

"சார், இப்ப வந்துடுச்சு சார். ஒரே ஒரு தடவை..."

"ரூம்ல சத்தம் வேணாம் மா."

"போ"ன்னும் சொல்லல, "இரு"ன்னும் சொல்லல. வெளிய படிக்கட்டுல பெட்டிய மடியில வெச்சுக்கினு உக்காந்தா.

ரோஹன் சுத்தமா வாசிக்கிறவரு. ஆனா சார் இழுத்தா இவரு முன்னாடி போயிடுறாரு, சார் விட்டா இவரு நின்னுடுறாரு. ரெண்டு மணி நேரம் ஆச்சு. சார் கதவைத் தொறந்தாரு.

"அந்தப் பொண்ணு போயிடுச்சா? மஹா, இங்க வா மா. அவரு பக்கத்துல உக்காரு. வாயைத் தொறக்கக் கூடாது. எறங்க வேண்டிய எடத்துல தோள்ல ஒரு தட்டு. அதுதான் உனக்கு நல்லா வருதே."

கிறிஸ்டோபர் அண்ணன் குனிஞ்சபடியே மொணமொணத்தாரு. "வீட்டுக்குப் போயிடு மா. உனக்கென்னா தலையெழுத்தா?"

போயிருக்கலாம். போவல. பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டாங்க, ரோஹனுக்கு வலது பக்கம். உக்காந்தா. சார் விரல் எறங்குறதுக்கு முன்னாடி இவ விரல் ரோஹன் தோள்ல எறங்கிச்சு. வாய் சொல்லாம விட்டதை எல்லாம் விரல் சொல்லிச்சு.

அந்த எட்டு பாரு வந்துச்சு.

அந்த நேரத்துல அவ நெனைச்சிருந்தா மொத்தத்தையும் கெடுத்திருக்கலாம். ஒரு தட்டு லேட்டா தட்டினாப் போதும், யாருக்கும் தெரியாது. விரலைத் தூக்கி வெச்சுக்கினு இருந்தா. சார் இழுத்தாரு, இழுத்தாரு... அந்த சுரம் தனியாக் கிடந்து தவிக்கிறதை அவளால பாக்க முடியல. தட்டிட்டா, சரியா தட்டிட்டா. அது மட்டுமா? ரோஹன் வில்லை அழுத்தி அழப் பாத்தப்ப, தோளை மெதுவா அமுக்கி "வேணாம், நேராச் சொல்லு"ன்னு அடக்கினா. அவரும் அடங்கினாரு. நாப்பது செகண்டும் அவ நெனைச்சபடியே வந்துச்சு, இன்னொருத்தர் கையில.

ஒரே டேக்ல ஓகே. "செம கைடு மா நீங்க"ன்னு ரோஹன் அவருக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொன்னாரு. நாலு பேரும் பியானோ பக்கத்துல போட்டோவுக்கு நின்னாங்க. திரிஷா போனை மஹா கையில குடுத்து, "அக்கா, லைட் நல்லா விழுதா பாத்து எடுங்க"ன்னா. எடுத்துக் குடுத்தா.

ரெண்டு மாசம் கழிச்சு ஆல்பம் வந்துச்சு. அட்டையில நாலு பேரு, அஞ்சாவது பேரு எங்கயும் இல்ல. ஆல்பத்தைப் பத்தி எழுதினவங்க எல்லாம் அந்த வயோலா எடத்தையே புடிச்சுக்கினாங்க, அழாம அழ வைக்குதுன்னு. சார் ஒரு வீடியோ பேட்டியில காலு மேல காலு போட்டுக்கினு சொன்னாரு: "நான்தான் வயோலாவுக்கு சொல்லிக் குடுத்தேன். இது அழுவுற எடம் இல்ல, மூஞ்சி கழுவிக்கினு வந்து 'சாப்டியா'ன்னு கேக்குற எடம்னு." பேட்டி எடுத்தவரு கை தட்டிட்டாரு.

அடுத்த வாரம் சார்கிட்ட இருந்து போன். மஹா அடிச்சுப் புடிச்சு எடுத்தா.

"மஹா, அடுத்த ரெக்கார்டு பொங்கலுக்கு அப்புறம். ரோஹன் உன்னைத்தான் கேக்குறாரு. நீ பக்கத்துல இல்லன்னா அவருக்கு ஓடாதாம். வந்துடு."

"சரி சார்... சார், வயோலாவுக்கு நோட்ஸ் எப்ப சார் குடுப்பீங்க?"

"உனக்கு எதுக்கு மா நோட்ஸ்? அந்தப் பெட்டியும் எடுத்துக்கினு வர வேணாம். பஸ்ல வீணா எதுக்குத் தூக்கினு அலையுற? கை மட்டும் வந்தாப் போதும்."

மஹா வயோலா பெட்டிய சுவரோரமா நகத்தி வெச்சா.

"சரி சார்"ன்னா மஹா. "எத்தினி மணிக்கு வரட்டும்?"