டாக்டர் மேல் போட்ட பழி

எனக்குத் தட்டைப் பாதம். மலேசியாவில் யோங் பெங் ஊரின் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்ததில் வலது கால் பெருவிரல் சாய்ந்து, அதன் அடிமூட்டின் ஓரம் எலும்பு புடைத்துக்கொண்டது. அறுவை சிகிச்சை செய்ததும் வலி போனது.

"எலும்பத்தான் சரி பண்ணியிருக்கேன். பாதம் தட்டையாத்தான் இருக்கும். சப்பாத்துக்குள்ள, பாதத்தத் தாங்குற இந்த இன்சோல விடாம போடுங்க," என்றார் டாக்டரம்மா.

சில மாதங்கள்தான் போட்டேன். விரல் மறுபடியும் சாய்ந்ததும், டாக்டர் சரியாகச் செய்யவில்லை என்று வேலையிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். கூட வேலை செய்யும், அதே தொல்லையுள்ள மல்லிகா அக்கா அதைக் கேட்டுப் பயந்து, தன் அறுவை சிகிச்சையையே வேண்டாம் என்றுவிட்டார்.

வலி தாங்காமல் திரும்பப் போனேன். டாக்டரம்மா குனிந்து என் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"இன்சோல் பத்தி நான்தான் உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லல போல. மன்னிச்சிருங்கம்மா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இல்ல டாக்டர், நீங்க நல்லாத்தான் சொன்னீங்க. நான்தான் போடல."

"பரவால்ல லா. இதுக்கு மேல சாயாமப் பாத்துக்கலாம்."

மறுநாளே மல்லிகா அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அப்ப என்கூட அந்த டாக்டர்கிட்ட வரியா?" என்றார். போனோம். அவருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

அன்று டாக்டரம்மா என்னைக் கடிந்திருந்தால், நானும் எதிர்த்துப் பேசிவிட்டு வந்திருப்பேன். அவர் மன்னிப்புக் கேட்டதால்தான் என்னால் உண்மையைச் சொல்ல முடிந்தது.