மல்லாட்டைக் கொல்லைச் செப்பேடு

அடைக்கலராஜ் செப்பேட்டின் மேல் கோதுமை மாவைத் தூவி, உள்ளங்கையால் மெல்லத் தடவிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். பள்ளங்களில் மாவு இறங்கி வரிகள் வெள்ளையாய் எழுந்து நிற்கின்றன. அவரோ அதைப் பாராமல் விரலால் தடவிக்கொண்டே இருக்கிறார். எதிரே ராஜகிரி மலைக்கோட்டை வெயிலில் மிதக்கிறது. குடம் வாங்க வந்தவர் நின்று நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். போகட்டுமே!

செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக் கடை அவருக்கு. சீர்ப் பாத்திரங்களில் பெயரும் தேதியும் வெட்டுவதில் இருபத்தாறு வருஷக் கை. நிச்சயமாகாத தேதியை மட்டும் வெட்டமாட்டார். முகூர்த்தம் இன்னும் குறிக்கவில்லை, சும்மா ஒன்று போடுங்கள் என்றால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படி ஒரு முரண்டு.

பழைய எழுத்தைத் தானாகவே படித்துப் பழகியவர். அது தெரிந்து, மேல்மலையனூரிலிருந்தும் அவலூர்பேட்டையிலிருந்தும் பரணில் கிடந்த செப்பேடுகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பத்தில் ஏழு பொய். கோயில் மரியாதைக்கு ஒன்று, ஏரித் தண்ணீருக்கு ஒன்று. ராஜா கொடுக்காததையெல்லாம் ராஜா பேரில் யாரோ வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவருக்கோ அந்தக் கள்ள ஏடுகள் மேல்தான் கொள்ளை ஆசை. “அரமணை ஆளு அவசரத்துல தப்புந்தவறுமா அடிச்சிட்டுப் போய்டுவான். பொய் வெட்றவந்தான் பயந்து பயந்து, ஒரு எழுத்து கோணாம வெட்டுவான்” என்பார்.

இன்றைய ஏடு, கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பூவாயியுடையது. வல்லம் பக்கத்து ஊர்க் காலனிக்காரர். அம்மன் தேர் இதுவரை அவர்கள் தெருவுக்குள் வந்ததே இல்லை. திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ராஜாவே கொடுத்த உரிமை என்று இந்த ஏட்டைக் காட்டப்போகிறார்கள். ஒரு தெருவே இதை நம்பியிருக்கிறது.

அடைக்கலராஜின் விரல் ஏழாவது வரியில் நின்றுவிட்டது. ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார், பாவம். ஆனால் எதிர்த்தரப்பில் விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், அத்தனை பேர் முன்னாலும் இவர்கள் தலைகுனிய வேண்டியிருக்கும்.

“யக்கா, தெருவுக்கு எல்லை சொல்ற எடத்துல ‘வடக்கே மல்லாட்டைக் கொல்லை’ன்னு இருக்குது. அந்தக் காலத்துல நம்ம நாட்டுலயே மல்லாட்டை கெடையாது. இந்த வேர்க்கடலையே பொறவு கப்பல்ல வந்தது.”

பூவாயி ஏட்டிலிருந்த மாவை முந்தானையால் துடைத்தார்.

“எங்க பாட்டன் எவனோ வெட்டியிருப்பான் தம்பி. கேட்டப்ப ஊரு குடுக்கல. அதான் ராசாவைக் குடுக்க வச்சிட்டான்.”

ஏட்டை வெட்டிய அந்த ஆள் அடைக்கலராஜின் கண்ணுக்குள் வந்துவிட்டான். பகலெல்லாம் மல்லாட்டை பிடுங்கிய கை, நகக்கண்ணில் செம்மண், மடியில் உளி. அடுத்தவன் கொல்லையில் பிறந்து வளர்ந்தவனுக்கு, மல்லாட்டை இல்லாத ஒரு பூமியைக் கற்பனை செய்யக்கூடத் தெரியவில்லை. எத்தனை நாள் வெட்டினானோ, எப்படி நடுங்கினானோ! அந்தப் பொய்யனை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

ஏட்டைத் துணியில் சுற்றிப் பையில் வைத்த பூவாயி, அது இல்லாமலே திங்கட்கிழமை போகிறோம், உயிரோடு இருக்கிற நாங்கள் கேட்டால் போதாதா என்றார். எழுந்தவர் ஒரு பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தார். ஆத்தாவுக்குக் கற்பூரம் காட்ட வேண்டுமாம். அம்மன் எங்கள் தெருவுக்கு வந்த நாள் என்று வெட்டி, வர்ற ஆடி வெள்ளியைத் தேதியாகப் போடச் சொன்னார்.

எழுத்து வெட்டும் மெஷின் கிர்ரென்றது. ‘அம்மன் எங்கள் தெருவுக்கு வந்த நாள்’ என்று வெட்டி முடித்தார் அடைக்கலராஜ். தாம்பாளத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. எழுத்துக்குப் பக்கத்தில் தேதிக்கு இரண்டு விரற்கடை இடம் விட்டு, அந்த இடத்தை மட்டும் சட்டை முனையால் பளபளவென்று துடைக்கத் தொடங்கினார்.