அக்காவின் ஸ்வீட் வில்லியம் பாத்தி

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் மச்சான், என்னிடம் கேட்டுக்கொண்டார். “அவளோட நல்ல குணங்கள எழுதுங்க, போதும்” என்றார். அப்படித்தான் முதலில் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் அது எந்த நல்ல பெண்ணுக்கும் பொருந்துவது போல இருந்தது. அதனால் அதை வைத்துவிட்டு, அக்கா வாசலில் போட்ட பூப்பாத்தியைப் பற்றி எழுதுகிறேன். இதையெல்லாம் நினைவு மலரில் எழுதலாமா என்று இப்போதும் தெரியவில்லை. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

ரத்தொட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையில் உள்ள தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் ஓர் அறைக் காம்பராவில் அக்கா பிறந்தார். அப்பா காலமானபோது நான் கைக்குழந்தை. அம்மா கொழுந்து பறிக்கப் போக, அக்காதான் என்னை வளர்த்தார். சாதாரண தரப் பரீட்சையோடு அவர் படிப்பை நிறுத்தியதால் நான் உயர்தரம் படித்தேன். பிறகு தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கொழுந்துக்குப் போகும் தாய்மார் காலையில் விட்டுச் செல்லும் பிள்ளைகள் அவர் மடியில் வளர்ந்தார்கள். அவருக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவரிடம் பேசியவர்கள் பலர். அவராக யாரிடமும் பேசியதில்லை.

மடுவத்துத் தாய் ஒருவர் நுவரெலியாவுக்குப் போய்விட்டு வந்து அக்காவுக்கு ஒரு சின்னக் காகித விதைப் பக்கெட்டைக் கொடுத்தார். ஸ்வீட் வில்லியம். கறுப்பாக, தட்டையாக, ஊதினால் பறந்துவிடும் விதை. அக்கா வாசலில் மண்ணைக் கொத்திச் சலித்து, விதையைத் தூவி, மேலே மெல்லியதாக மண் போட்டு, ஈரச் சாக்கால் மூடினார். முளைத்தது. மழை அடித்துவிடாமல் பிளாஸ்டிக் சீட் கட்டினார். நெருக்கமாக வந்ததைப் பிடுங்கித் தள்ளித் தள்ளி நட்டார். இலை கொத்துக் கொத்தாகத் தரையோடு பரவியது. பூ மட்டும் வரவில்லை. அந்தச் செடி முதல் வருடம் இலைதான் விடும், மறு வருடம்தான் பூக்கும் என்று பக்கெட்டில் ஆங்கிலத்தில் இருந்ததை நான்தான் அவருக்கு வாசித்துச் சொன்னேன்.

“வில்லியம் தொர இல்லையா, அவர் வர்ற நேரந்தான் நேரம். நம்ம பெரட்டுக்கு நிக்கணும்” என்று, காலையில் துரை முன்னால் வேலைக்கு வரிசையில் நிற்கும் பெரட்டைச் சொல்லி அக்கா சிரித்தார்.

வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவருக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை. “இத்தன மாசமா பூக்கலையா? பூக்காத செடிய வாசல்ல வச்சா ஆகாது புள்ள. ஏற்கனவே ஒனக்கு…” என்று பாதியில் நிறுத்தினார்.

“பூக்காததப் புடுங்கணும்னா மொதல்ல என்னையத்தான் புடுங்கணும். தேத்தண்ணியக் குடிங்க, ஆறுது” என்றார் அக்கா.

அதற்குப் பிறகுதான் வயிற்று வலி என்று கிளினிக்குக்குப் போனார். கட்டி என்றார்கள். கண்டிக்கு அனுப்பினார்கள். அக்கா வார்டில் இருந்தபோது, அம்மாவை யாரோ குறி கேட்க அழைத்துப் போயிருக்கிறார்கள். வாசலில் பூக்காத பச்சை நிற்கிறது, அதை எடுத்தால் பிள்ளை எழுந்துவிடும் என்று குறியில் வந்ததாம். அழைத்துப் போனது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அவரும் அக்கா பிழைக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். அம்மா தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு ஒவ்வொரு செடியாக வேரோடு பிடுங்கி, ஓடையில் விட்டு, பாத்தியில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

அக்கா வீட்டுக்கு வந்த அன்று நானும் என் மகளைத் தூக்கிக்கொண்டு, நான் வாழ்க்கைப்பட்ட மாத்தளையிலிருந்து போயிருந்தேன். மச்சானின் ஆட்டோவிலிருந்து இறங்கியவர் வெறும் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தொரைய எங்கம்மா காணோம்?”

“நாந்தான் தாயி புடுங்கினேன். என்னைய எவ்வளவு வேணும்னாலும் வையி. நீ எந்திரிச்சு வந்துட்டேல்ல, அது போதும் எனக்கு.”

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் அன்று காலையில்தான் அக்காவிடமும் மச்சானிடமும் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மாவுக்குத் தெரியாது.

“ஆமாம்மா, எந்திரிச்சு வந்துட்டேன்” என்றார் அக்கா. அந்தப் பதிலைச் சொல்லும் மனம் எனக்கு இருந்திருக்குமா என்று நினைத்துப் பார்க்கிறேன். இருந்திருக்காது.

அக்கா படுக்கையோடு ஆனதும் அம்மா தானாகவே தெரிந்துகொண்டார். “உசுரோட இருந்த செடியப் புடுங்கினதாலதானோ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “வெத போடுறதுக்கு முந்தியே இது எனக்குள்ள இருந்துச்சும்மா, டாக்டரே சொன்னாரு” என்று அக்கா சொன்னது அம்மாவின் காதில் விழவில்லை.

ஒரு நாள் அக்கா மீதி விதையை எடுத்து வரச் சொன்னார். பழைய தயிர்ச் சட்டியில் நான் மண் நிரப்பிக் கொடுத்தேன். அம்மாவே போட வேண்டும் என்றார்.

“வேணாந்தாயி. என் கை ஆகாத கை.”

“அந்தக் கையாலதானே எனக்கு இப்பவும் கஞ்சி ஊட்டுறீங்க. போடுங்கம்மா. ரொம்ப ஆழத்துல போட்றாதீங்க, மூச்சு முட்டிரும்.”

அம்மா போட்டார். முளை வந்ததை அக்கா பார்த்தார். முளைத்தது இரண்டாவது சோடி இலை விடுவதற்குள் போய்விட்டார்.

தீட்டு கழியும்வரை அம்மா சட்டியைத் தொடவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தீட்டு சீக்கிரம் கழியும் என்பதால் நான் தண்ணீர் தெளித்தேன். நெருக்கத்தில் சில அழுகிப் போயின. கருமாதி முடிந்த மறுநாள், பிழைத்ததை அம்மா அதே பாத்தியில் நட்டார்.

சாவு வீட்டில் ஒருவர், “முந்தியே புடுங்கியிருந்தா புள்ள பொழச்சிருக்கும்” என்றது அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. பிடுங்கியதால் போனாளா, பிந்திப் பிடுங்கியதால் போனாளா என்று அம்மா இரண்டு பக்கமும் போட்டு மனதை அரைக்கிறார். தினமும் காலையில் குந்தி உட்கார்ந்து, இலைகளை விலக்கி மொட்டு இருக்கிறதா என்று தேடுகிறார். பூக்காவிட்டால் என்ன நினைப்பார் என்பதுதான் எனக்குப் பயம். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள்தான். மகள் அந்த இலையைக் கிள்ளி வாயில் வைத்துவிடுவாளோ என்றும் பயம். ஆனாலும் அந்தப் பாத்திக்கு வேலி போட எனக்கு மனம் வரவில்லை.

அக்காவைக் கண்டி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலுக்காமல் ஏற்றி இறக்கி, கடைசி வரை கழுவித் துடைத்த மச்சானுக்கும், முறை வைத்து வந்து துணையிருந்த மடுவத்துத் தாய்மாருக்கும், இரத்தம் கொடுத்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், வார்டில் அவரை அன்போடு பார்த்துக்கொண்ட தாதியருக்கும், துக்கத்தில் அடுப்பேற்றாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து லயத்தாருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

திவசத்துக்கு வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அந்தப் பாத்தி இருக்கிறது. இப்போது இலை மட்டும்தான். அம்மா வாசலில் நின்று உங்களை வரவேற்பார். நீங்கள் பாத்தியைப் பார்ப்பதை அவரும் பார்த்துக்கொண்டிருப்பார். தயவுசெய்து ஒன்றும் கேட்காமல் உள்ளே வாருங்கள்.

– தங்கை