எஸ்தருக்கு மூளை இல்லை என்றவர்களுக்கு

சபையாரே, நன்றி சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் கோபமும் இருக்கிறது. கர்த்தருக்குத் தெரிந்த கோபத்தை உங்களிடம் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள் நான். தேயிலை விலை விழுந்து, வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றிருந்தபோது என் மகள் எஸ்தர் பிறந்தாள். மேலுதடும் அண்ணமும் பிளந்திருந்தன. குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. கரண்டியில் சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். அந்தக் கஷ்டத்தைக்கூடத் தாங்கிக்கொண்டேன், ஊர்ப் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு வயதில் இலவச முகாமில் உதட்டைத் தைத்தார்கள். அண்ணத்துக்கு மறுபடி வரச் சொன்னார்கள். நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா என்னைத் தடுத்தாள்.

"எதுக்குங்க ஆபரேஷன்? மூஞ்சி இப்படின்னா மூளையும் அப்படித்தானுங்க. கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது."

நானும் நம்பினேன். போகவில்லை. ஆயா அவளை மூலையில் உட்காரவைத்தாள். ஒருவரும் அவளோடு பேசவில்லை. இங்கேயும் "எந்தப் பாவமோ" என்று சிலர் முணுமுணுத்தீர்கள். நான் தினமும் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, என் பிள்ளைக்கு அறிவைத் தாரும்" என்று அழுதேன். மூன்று வருஷம் அதே ஜெபம்.

அந்த நாட்களில் முற்றின இலை இருந்தால் ஃபேக்டரி கொழுந்தைத் திருப்பி அனுப்பிவிடும். எடை போடும் இடத்தில் உட்கார்ந்து பொறுக்கித் தள்ளுவோம். ஒருநாள் நான் அங்கே கூட்டிப்போயிருந்த எஸ்தர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடையை இழுத்துவைத்து, முற்றின இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். ஒரு கொழுந்தைக்கூடத் தப்பாக எடுக்கவில்லை. யாரும் சொல்லித்தரவில்லை. மூளை இல்லாத பிள்ளையா இதைச் செய்யும்?

மறுநாளே கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"கருவுல முகமும் மூளையும் ஒரே சமயத்துல உருவாகுதுங்கம்மா. அதனால சில குழந்தைகளுக்கு ரெண்டுலயும் குறை வரலாம். எல்லாருக்கும் வராது. பரிசோதிச்சுத்தான் சொல்லணும். உங்க பிள்ளைக்கு மூளை நல்லா இருக்கு. அண்ணம் பிளந்ததால காதுக்குள்ள நீர் கோத்திருக்கு. அவளுக்குக் காதுதான் சரியாக் கேக்கல."

காது கேட்காத பிள்ளையையா மூன்று வருஷம் மூலையில் வைத்தோம்! கர்த்தர் ஏற்கெனவே கொடுத்திருந்த அறிவையே திரும்பத் திரும்பக் கேட்ட என்மேல்தான் எனக்கு முதல் கோபம். ஒருவேளை அறிவில் குறை இருந்திருந்தால்தான் என்ன? அப்போதும் அவள் அவர் படைத்த பிள்ளைதானே? அந்த மூலை யாருக்கும் ஆகாது.

அண்ணத்தைத் தைத்தார்கள். காதிலிருந்த நீரை எடுத்தார்கள். கர்த்தர் நான் கேட்டதைத் தரவில்லை, என் கண்ணைத் திறந்தார். அவரை நம்புங்கள். நம்பிக்கொண்டே டாக்டரிடமும் போங்கள்.

எஸ்தர் இதோ, முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஜெபம் முடிந்ததும் யாரும் அவள் தலையில் கைவைத்துப் பரிதாபப்பட வேண்டாம். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பாள்.