நீல வெளிச்சத்தில் காலியாக இருந்த இடம்

இதை எழுத உட்காருவதும், நாலு வரி எழுதிவிட்டுத் தாளை மடித்து வைப்பதுமாகப் பல வருடம் ஓடிவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்து என்ன வரும் என்ற கூச்சம் ஒன்று. அதைவிட, ஒரு தாய் உயிரோடு இருக்கிறவரை இந்தக் கதையின் கடைசிப் பகுதி அவர்கள் காதுக்குப் போய்விடக் கூடாது என்ற பயம். போன தவக்காலத்தில் அவர்களும் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். இனி நான் மட்டும் வைத்துக்கொண்டிருக்க நியாயமில்லை.

எண்பதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் மைக் செட் கடை வைத்திருந்தேன். மதுரையில் கைமாறி வந்த பழைய வீடியோ புரொஜெக்டர் ஒன்றும் என்னிடம் இருந்தது. அதற்கு முன்பக்கம் மூன்று கண்கள்: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொரு கண்ணும் தன் நிறத்தில் ஒரு படத்தைச் சுவரில் போடும். மூன்று படமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படிந்தால்தான் மனுசன் மனுசனாகத் தெரிவான். இல்லையென்றால் ஒரே ஆள் மூன்று நிறத்தில் பிரிந்து நிற்பான். அதைச் சேர்த்து வைப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய பாடு.

பசுவந்தனைப் பக்கம் ஒரு ஊரிலிருந்து, அங்கே கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் வந்தார். அவர் ஊர்த் தாய் ஒருவருக்கு ஒரே மகன். வடக்கே வேலைக்குப் போனவன் ஆணியடித்த பெட்டியில் திரும்பி வந்தான். திறக்கக் கூடாது என்று சொல்லி அப்படியே அடக்கம் செய்துவிட்டார்கள். முகம் பார்க்காததால் அந்த அம்மா நம்பவில்லை. இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்க அவன் பெயரைக் கொடுக்க மாட்டேன் என்றார்கள். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் விடவில்லை. இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மகனுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. முந்தின வருடத்துத் திருவிழா வீடியோவில் சப்பரம் தூக்கி வருகிறவர்களில் அவன் இருந்தான். ஆனால் டிவியில் முகம் தீக்குச்சித் தலை அளவுதான் தெரிந்தது.

"பெருசாப் பாக்கணுங்காவ, அண்ணாச்சி. ஒரு தடவ முகத்தைப் பாத்துட்டா மனசு ஒரு பக்கமா நிக்கும்" என்றார் உபதேசியார்.

மழை பெய்து கரிசல் களியாகக் கிடந்தது. வேன் ஊருக்குள் போகவில்லை. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி மெஷினை ஏற்றினோம். வண்டி குலுங்கின குலுக்கலில் மூன்று கண்ணும் இடம் மாறியிருக்கும் என்று அப்போதே தெரியும்.

கோயிலுக்குப் பக்கத்துக் கூடத்தில் ஜன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டி, மத்தியானத்திலேயே இருட்டாக்கி வைத்திருந்தார் உபதேசியார். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு.

"நல்லா நீலம் போட்டு அடிச்சிருக்கேன். படம் பளிச்சுன்னு விழும்லா?"

"நீலம் எதுக்குய்யா போட்டீரு? எம் மெசின்லயே ஒரு நீலம் இருக்கே."

"வேட்டிக்கே போடுதோம், கோயில் சுவத்துக்குப் போடக்கூடாதாக்கும்?"

கேசட்டைப் போட்டதும், எதிர்பார்த்த மாதிரியே ஆளுக்கு மூன்று தலை. படமும் மேலே அகன்று கீழே குறுகி, முறம் போல விழுந்தது. கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள்: "ஏட்டி, எங்க வீட்டுக்காரருக்கு மூணு தலை! ஒரு தலைய வச்சுக்கிட்டே என்ன பாடு படுத்துதாரு!" எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் முன்வரிசையில் முக்காட்டோடு அசையாமல் இருந்தார்கள்.

மெஷினுக்குக் கீழே பலகை கொடுத்து முறத்தைச் சதுரமாக்கினேன். நிறத்தைச் சேர்க்க, மெஷினுக்குள்ளேயே இருக்கிற கட்டக் கோடுகளைப் போட்டேன். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் வெட்டிக்கொண்டு சுவர் முழுக்க நின்றன. எனக்கு அது வேலைக்கான கோடு. அவர்களுக்கோ சுவர் முழுக்கச் சிலுவை. பெண்கள் முழங்காலில் விழுந்து செபமாலையைத் தொடங்கிவிட்டார்கள். செபம் நடக்கும்போது கோட்டை அணைக்க எனக்குக் கை வரவில்லை. நானும் வாய்க்குள் செபித்துக்கொண்டே திருகுகளைத் திருப்பினேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. மெஷின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் நிறம் நிலைக்கும். செபம் முடியும்போது எல்லாச் சிலுவையும் வெள்ளையாகச் சேர்ந்திருந்தன. சுவரின் நீலத்துக்கு ஈடாக நீலக் கண்ணைக் கொஞ்சம் குறைத்தேன்.

மறுபடி கேசட். சப்பரம் வந்தது. பூ, குடை, மெழுகுவத்தி எல்லாம் உள்ளபடி நிறம். முன்கம்பில் சிவப்புச் சட்டை போட்ட பையன் வந்தான்; அவன்தான் மகன் என்று உபதேசியார் காட்டினார். படத்தை நிறுத்தினேன். நிறுத்திய படம் லேசாக நடுங்கும்.

அவன் மட்டும் சேரவில்லை. பக்கத்தில் தோள் உரசி நிற்கிறவன் சரியாக இருந்தான். இவன் முகம் மட்டும் விலகி, வெள்ளை ஏறாமல், பழுப்பாகக் கிடந்தது. படத்தின் ஓரத்தில் நின்றால் நிறம் விலகுவது சகஜம். இவன் நடுச்சுவரில் நின்றான். திருகைத் தொட்டால் இவன் அப்படியே இருக்க, மற்ற எல்லோரும் பிரிந்தார்கள். பழைய இடத்துக்கே திருப்பினேன்.

எந்த நிறம் கெட்டிருக்கிறது என்று பார்க்க, இரண்டு கண்ணை அட்டையால் மறைத்து ஒரு கண்ணை மட்டும் விடுவது வழக்கம். சிவப்பை விட்டேன், அவன் இருந்தான். பச்சையை விட்டேன், முகம் இன்னும் தெளிவு. நீலத்தை விட்டேன்.

அவன் இல்லை.

சிவப்புச் சட்டை நீல வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டும். கறுப்பு இல்லை. அவன் நின்ற இடத்தில், பின்னால் இருந்த கோயில் வாசலும் படியும் தெரிந்தன. அங்கே சப்பரக் கம்பு யாருடைய தோளிலும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. உபதேசியார் என் முழங்கையைப் பிடித்தார்.

அட்டையை எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க ஐயா, இருக்கட்டும்" என்றார்கள் அந்த அம்மா.

எழுந்து சுவருக்குப் போய், அந்தக் காலி இடத்தில் உள்ளங்கையை வைத்தார்கள். அவர்கள் நிழல் விழுந்தது. பிறகு கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்கள். அழவில்லை.

"உபதேசியாரே, இந்தச் சுவத்துக்கு அடிச்ச சுண்ணாம்பு மிச்சம் இருக்கா?"

"இருக்கும்மா."

"அவன் கல்லறைக்கு வேணும்."

அந்தக் கல்லறைத் திருநாளில் நானும் போனேன். புதுக் கல்லறை லேசான நீலம் பாய்ந்த வெள்ளையில் இருந்தது. பூசையில் மகன் பெயரை வாசித்தபோது அந்த அம்மா முதல்முறையாக வாய்விட்டு அழுதார்கள்.

இனி நான் மறைத்தது. கூடத்திலிருந்து வந்த மறுநாளே, அதே கேசட்டை என் கடையில், என் சுவரில், நீலக் கண்ணில் மட்டும் போட்டுப் பார்த்தேன். அவன் இருந்தான். சட்டை கறுப்பாக, கம்பு தோள்மேலேயே இருந்தது. மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. இதைச் சொன்னால் அந்த அம்மா மகன் வருவான் என்று மறுபடி வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த முகத்தைக் கூடத்தில் மறைத்ததும், என் கடையில் காட்டினதும் ஏன் என்று ஆண்டவருக்கே வெளிச்சம்.

வாசிக்கிறவர்கள் இதை வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் அவன் சிரித்தான் என்றோ, தாயைப் பார்த்துக் கையசைத்தான் என்றோ சேர்த்துவிடாதீர்கள். என் கடைச் சுவரில் அவன் இருந்தான் என்பதையும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கூடத்தில், நீல வெளிச்சத்தில், அந்த இடம் காலியாக இருந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது.