துரையின் கார்

நேற்று பெக்கோக் டவுனில் டாக்சியில் ஏறினேன். டிரைவரிடம் விஸ்கி வாடை அடித்தது, உடனே இறங்கிவிட்டேன்.

வெள்ளைக்காரர் காலம். எனக்கு அப்போது ஏழு வயது. ஞாயிறு மதியம் கிளப்பிலிருந்து வந்த எங்கள் தோட்டத்துத் துரையின் கார், சைக்கிளில் போன என் மாமாவை ரப்பர் மரத்தோடு வைத்து நசுக்கியது. மாமாவின் மண்டை பிளந்து மரமெல்லாம் ரத்தம்.

தள்ளாடி இறங்கிய துரை அதே வாடையோடு, "என் கார் போச்சு!" என்றார்.

ஓடிவந்த அம்மா ஒரு கல்லை எடுத்தாள். "என் தம்பியப் பாருடா!" என்று கத்திக்கொண்டே அவர் பற்கள் உதிரும்வரை அடித்தாள். தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து வந்த பெண்கள் காரைக் கவிழ்த்துக் கொளுத்தினார்கள்.

அம்மாவைச் சிறையில் போட்டார்கள். துரையை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள்.

விடுதலையாகி வந்தவள் வாசலிலேயே நின்று அப்பாவிடம் கேட்டாள்: "அந்தாளு இன்னும் குடிச்சிட்டுத்தான் ஓட்டுறானா?"

"ஆமா புள்ள," என்றார் அப்பா. "புதுக் காரு."