பாஸ் ஆகிற வரையும்

பாஸ் என்ற சொல்லை இனிக் கொஞ்சக் காலத்துக்கு என் முன்னால் யாரும் எடுக்காமல் இருந்தால் நல்லது. அவ்வளவுக்கு அலுத்துவிட்டது. தமிழில் எழுதினால் இரண்டே எழுத்து, ஆனால் அது மூக்கை நுழைக்காத இடம் கிடையாது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். அதனால் எனக்கு அந்தச் சொல் பரீட்சையோடு ஒட்டியது. முடிவு வருகிற அன்று தாய்மார் கேற்றடியில் நின்று கேட்பது அந்த ஒரு சொல்லைத்தான். என் வீட்டுக்காரருக்கு அது வேறு. சீனன்குடாவில் ஒரு களஞ்சிய வாசலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். பாஸ் என்றால் அவருக்கு உள்ளே விடுகிற அட்டை. அட்டை கொண்டுவரவில்லை என்று என் சொந்தத் தம்பியையே உச்சி வெயிலில் நிற்பாட்டி வைத்துவிட்டு, பின்னேரம் வீட்டில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனுசன். எங்களுக்குக் கலியாணமான புதிதில், சண்டைக் காலத்தில், ஊர்விட்டு ஊர் போகவும் பாஸ் வேண்டியிருந்தது. கட்டைபறிச்சானில் பெரியப்பா செத்தபோது அது கிடைக்காமல், எல்லாம் முடிந்து எட்டாம் நாள், எட்டுச் செலவுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். அதற்காக அலைந்ததை நினைத்தால் இப்போதும் கால் உளைகிறது.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறதென்று ஆஸ்பத்திரியில்தான் அறிந்தேன். இவருக்குக் குடல் முறுக்கி, வயிறு பானைபோல ஊதி, அவசரமாக வெட்டினார்கள். வெட்டிய குடல் திரும்ப வேலை செய்யத் தொடங்கும்வரை வாயால் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. குடல் விழித்துவிட்டது என்பதற்கு அடையாளம், கீழால் காற்றுப் போவது. அதைப் பச்சையாகக் கேட்க எல்லோருக்கும் வெட்கம். ஆகவே பாஸ் பண்ணினாரோ என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் படித்த கேள்வி.

வாட் வாசலில் காவலாளி பாஸ் இருக்கிறதா என்பார். உள்ளே போனால், பாஸ் பண்ணிவிட்டாரா என்பார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் கொஞ்சம் சாய்ந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வரும், டீச்சரின் லீவு இன்னும் பாஸ் ஆகவில்லை என்று. ஒரு கட்டத்தில் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. எங்கேயாவது ஒரு மூலையில் சுருண்டு படுத்தால் போதும் என்றிருந்தது.

இதில் கேட்கிறவள் யார் என்பதுதான் வில்லங்கம். எங்கள் மகன் ஒரு பிள்ளையை விரும்புகிறான். சாம்பல்தீவுப் பிள்ளை, நேர்ஸ். அந்த வாட்டில்தான் அவளுக்கு வேலை. சித்திரை வருசத்துக்கு முன்னமே மகன் தகப்பனிடம் சொல்லிவிட்டான். "யோசிப்பம்" என்றார் இவர். அவ்வளவுதான். மாதக்கணக்காக ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. மகன் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், சாப்பிடும்போதும் தகப்பனின் முகம் பார்ப்பதை விட்டுவிட்டான். நானும் எத்தனையோ தரம் வாயைக் கிளறிப் பார்த்தேன். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம்.

அந்தப் பிள்ளைதான் ஒவ்வொரு தரமும் கட்டிலடிக்கு வந்து, "ஐயா, பாஸ் பண்ணினீங்களோ?" என்று கேட்கும். வேறு எந்த நோயாளியிடமும் கேட்கிற மாதிரித்தான். இவர் மேலே சுற்றுகிற ஃபானைப் பார்த்துக்கொண்டு இல்லையென்று தலையை ஆட்டுவார். எல்லோரும் நேர்ஸைக் கூப்பிடுகிறபடி "மிஸ்ஸி" என்று ஒரு சொல் சொன்னால் அதுவே பெரிய கதை. அவள் போனபிறகு நான் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவருடைய உதட்டில் ஒற்றுவேன். உதடு வெடித்து, பஞ்சில் கொஞ்சம் இரத்தம் ஒட்டும். அவர் அந்தப் பஞ்சைச் சப்பப் பார்ப்பார்.

அன்று காலையில் பெரிய டொக்டர் என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டார். வயிறு இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது, பின்னேரத்துக்குள் ஒன்றும் போகாவிட்டால் நாளைக்குத் திரும்பவும் வெட்டவேண்டி வரலாம் என்றார். இதயமும் பலவீனம், இரண்டாம் தரம் தாங்குவார் என்று தன்னால் சொல்ல ஏலாது என்றும், இப்போதைக்கு அவருக்குச் சொல்லவேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே கடல் தெரிந்தது. கோணேசருக்கு நேர்த்தி வைத்தேன். புருசனுக்குக் காற்றுப் பிரியவேண்டும் என்று கோணேசரிடம் கேட்ட பெண்சாதி இந்தத் திருகோணமலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்த மனுசன் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தும் அழுகை நிற்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு வியாபாரி, அவருக்கும் வயிற்றில்தான் ஒப்பரேசன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏன் அழுகிறேன் என்று கேட்டார். இன்னும் காற்றுப் போகவில்லை என்றேன்.

"விடியவே, நீங்க வாறதுக்கு முந்தியே போயிட்டே டீச்சர்," என்றார் அவர். "அந்தச் சத்தத்திலதான் நான் எழும்பின."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நித்திரை கொள்கிற ஆளாகக் கிடந்தார். முப்பது வருசம் சேர்ந்து வாழ்ந்த எனக்கு அந்த நித்திரை தெரியாதா?

உண்மையோ என்று கேட்டேன். ஓம் என்றார், கண்ணைத் திறக்காமலே.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தியிருப்பேன். அவர் என் கையைப் பிடித்துக் கிட்ட இழுத்தார். தொண்டை வறண்டு குரல் காற்றாகத்தான் வந்தது.

"டொக்டர் வந்தாச் சொல்லுவம் எண்டு இருந்தனான். அவரும் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டெல்லே வாறார். உனக்குச் சொன்னாலும் அவளிட்டத்தானே போகும்."

"வந்தால் என்ன?"

"நாளைக்கு எங்கட வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போடப்போற பிள்ளையப்பா. அவளிட்ட எப்பிடி இதைச் சொல்லுறது?"

மகன் மாதக்கணக்காகக் காத்துக்கிடந்த பதில் இது. யாருக்கும் சொல்லாமல், இந்த மனுசன் அவளைத் தன் மனதில் எப்போதோ வீட்டுக்குள் கூட்டிவந்து, சோறு ஆக்கக் குசினியையும் கொடுத்து, மாமனார் ஆகிவிட்டார். ஆனபிறகு அந்த மரியாதையைக் காப்பாற்ற நாக்கு வறண்டு கிடந்திருக்கிறார்.

நான் எழும்பிப் போய் அவளைக் கூட்டிவந்தேன். விடியவே பாஸ் ஆகிவிட்டதாம் பிள்ளை, சொல்ல வெட்கப்பட்டுக் கிடந்திருக்கிறார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்தாள். அவர் வயிற்றை அமத்திப் பார்த்து, குழல் வைத்துக் கேட்டு, இனிப் பயமில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கலாம் என்றார்.

கரண்டியைப் பிடித்தவளும் அவள்தான். என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இவர் அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி வாயைத் திறந்தார். ஒரு கரண்டி. பிறகு இன்னொன்று. தண்ணீர் இறங்குவது தொண்டையில் தெரிந்தது. மூன்றாவது கரண்டிக்குப் பிறகு முகத்தைத் திருப்பி, முதல் தரமாக அவளை நேரே பார்த்தார்.

"காணும், மகள்," என்றார்.

கரண்டி அவளுடைய கையில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

"இன்னும் ஒரு கரண்டி குடியுங்கோ, மாமா," என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். நான் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கப் பார்க்க, சத்தம்போட்டு அழுதேன்.